மூன்றாவது கேம் இலவசம் என்றால், அது யார் பணம்?

கேள்வி: சின்னதாக ஒரு வீடியோ கேம் கடை நடத்துகிறேன். புதிய டிஸ்க்குகளும் விற்கிறேன், பழையதை வாங்கி விற்பதும் உண்டு. புதிய கேம் ஒன்றை 100-க்கு விற்றால் எனக்கு நிற்பது 20. பக்கத்தில் இருக்கும் பெரிய செயின் கடையில் "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று போட்டிருக்கிறார்கள். மூன்று கேமுக்கு அடக்கவிலை 240, கைக்கு வருவது 200. என் கணக்குப்படி ஒவ்வொரு பில்லுக்கும் 40 நட்டம். நிஜமாகவே நட்டத்துக்குத்தான் விற்கிறார்களா? வழக்கமாக வருகிறவர்கள் "நீங்களும் போடுங்களேன்" என்கிறார்கள். ஒரு வாரம் நானும் போட்டால் தாங்குமா?

பதில்: உங்கள் கணக்கில் தப்பில்லை. 80-க்கு வாங்கிய கேம் மூன்றை 200-க்குக் கொடுத்தால் அந்த பில்லில் 40 போகத்தான் செய்யும். பெரிய கடைக்கு என்று தனிக் கணிதம் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் ஒரு பில்லை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. அவர்கள் கணக்கில் அடக்கவிலை 80-ஆக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. செயின் கடையின் கொள்முதல் மேசையில் இருந்துவிட்டு, இப்போது சிறு கடைகளுக்குச் சரக்குக் கணக்கு பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் சலுகை போட என்ன காரணமோ அது உங்களுக்கும் இருந்தால் ஒழிய, புதிய கேமில் நீங்கள் அதைப் போடாதீர்கள். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்றும் சொல்லமாட்டேன். கொஞ்சம் நீளமாகவே விளக்குகிறேன்.

முதலில் பில். பலகையில் எழுதியிருப்பது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் மூன்று எடுப்பதில்லை. இரண்டோடு நிறுத்துகிறவர் அநேகமாக இருக்கமாட்டார், சும்மா வருவதை யார் விடுவார்கள்? ஒன்றே ஒன்று வேண்டும் என்று வந்து, அதை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய உண்டு. பத்துப் பேர் வந்தார்கள், நான்கு பேர் மூன்று மூன்றாக எடுத்தார்கள், ஆறு பேர் ஒவ்வொன்று எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பில்லில் 160 நட்டம், ஆறு பில்லில் 120 லாபம். ஒரு பில்லுக்கு என்று நீங்கள் போட்ட அந்த 40 நட்டம், பத்துப் பேருக்கும் சேர்த்தே வருவது அவ்வளவுதான்.

இன்னொன்று, சலுகைப் பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருக்குமே, "விலை குறைந்த கேமே இலவசம்" என்று, அந்த ஒரு வரிக்கு நிறைய மதிப்பு உண்டு. வாடிக்கையாளர் இரண்டு 100 ரகத்தையும் ஒரு 60 ரகத்தையும் எடுத்தால், 60 ரகத்தின் அடக்கவிலை 48 என்றால், கடைக்கு அந்த பில்லில் நட்டம் 8 மட்டுமே. அப்படி நான்கு பில்லுக்கு 32. மற்ற ஆறு பேர் தந்த 120-இல் கழித்தால் 88 கையில் நிற்கிறது. ஆக, மார்ஜின் வெறும் 20 உள்ள சரக்கில், யாரிடமும் உதவி வாங்காமல், மூன்றில் ஒன்று இலவசம் என்று விளம்பரம் செய்தும் நட்டப்படாமல் தப்பிக்க முடியும்.

ஆனால் இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். நட்டம் வரவில்லை என்றால் லாபம் வந்ததாக அர்த்தமில்லை. சலுகையே போடாமல் இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பதோடுதான் இதை ஒப்பிட வேண்டும். பத்துப் பேருக்குப் பதிலாக ஐந்து பேர் வந்து ஆளுக்கு ஒன்று வாங்கியிருந்தால்? லாபம் 100. சலுகை போட்ட நாளில் கூட்டம் இரண்டு மடங்கு, விற்ற கேம் ஐந்திலிருந்து பதினெட்டு, கல்லாவில் 500-க்குப் பதிலாக 1400. எல்லாம் ஏறியிருக்கிறது, லாபம் மட்டும் 100-இலிருந்து 88-க்கு இறங்கியிருக்கிறது. கடை மூடும் நேரத்தில் கல்லாவைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு வியாபாரம் அமோகம்" என்று வீட்டுக்குப் போகிற கடைக்காரருக்கு இது தெரியவே தெரியாது. அலமாரி காலியாகிவிட்டது, திரும்ப நிரப்பப் பணம் வேண்டும், அந்தப் பணம் எங்கே போனது என்று மாதக் கடைசியில்தான் தேடுவார்.

அப்படியானால் பெரிய கடைக்காரர்கள் கணக்குத் தெரியாதவர்களா? இல்லை. புதிய கேம்களில் போடப்படும் பெரிய சலுகைகளில் கணிசமானவற்றுக்குப் பணம் தருவது கேம் வெளியிட்ட கம்பெனி. வியாபாரத்தில் ஸ்கீம் என்போமே, அதுதான். சலுகைக் காலத்தில் விற்ற ஒவ்வொரு காப்பிக்கும் இவ்வளவு என்று கிரெடிட் நோட் (கடைக் கணக்கில் வரவு வைக்கும் சீட்டு) வரும், அல்லது அடுத்த இன்வாய்ஸில் கழித்துக்கொள்வார்கள், அல்லது விளம்பரச் செலவுக்கு என்று ஒரு தொகை தனியாகத் தருவார்கள். பேர் எதுவாக இருந்தாலும் 80 என்ற அடக்கவிலை இறங்கிவிடுகிறது. முன்பு சொன்ன பத்துப் பேர் கணக்கில், மூன்றுமே 100 ரகம் என்றே வைத்துக்கொண்டு, சலுகையில் போன ஒவ்வொரு காப்பிக்கும் கம்பெனி 25 தருகிறது என்று சேர்த்துப் பாருங்கள். பன்னிரண்டு காப்பிக்கு 300. 40 நட்டமாக இருந்தது 260 லாபமாகிறது. இப்போது கூட்டம் இரண்டு மடங்கானதற்கு அர்த்தம் இருக்கிறது, இல்லையா? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, பக்கத்துக் கடையின் தாராளம் அந்த ரகமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கம்பெனி ஏன் தர வேண்டும் என்று கேட்பீர்கள். உங்களுக்கு ஒரு காப்பி என்றால் 80 கொடுத்து வாங்கிய பொருள். கம்பெனிக்கு அது அப்படியில்லை. கேமை உருவாக்கிய செலவும் விளம்பரச் செலவும் எப்போதோ முடிந்துபோனவை. டிஸ்க் அச்சடிக்க ஆகும் செலவு சொற்பம். கேம் ஓடும் கருவியான கன்சோலைத் தயாரிக்கும் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய உரிமத் தொகையைப் பொதுவாக டிஸ்க் அச்சாகும்போதே கட்டிவிடுகிறார்கள். ஆகவே கடை அலமாரியில் தூங்கும் காப்பி, 80-க்குப் பதில் 55-க்குக் கணக்குத் தீர்ந்தாலும் அவர்களுக்கு நல்லதுதான். தீராவிட்டால் அது ரிட்டர்னாகத் திரும்பி வரும், அல்லது அதற்கு விலைப் பாதுகாப்புத் தர வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, முந்தைய பாகம் குவிந்து கிடக்கும் கடை, அடுத்த பாகத்துக்குப் பெரிய ஆர்டர் கொடுக்காது.

விலைப் பாதுகாப்பு என்ற சொல் உங்களுக்குப் புதிதாக இருந்தால், இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு கேமின் பட்டியல் விலையைக் கம்பெனி 100-இலிருந்து 60-க்கு இறக்குகிறது. நேற்று 80-க்கு வாங்கி வைத்த கடைக்காரர் என்ன செய்வார்? விற்காமல் கையில் இருக்கும் காப்பிகளுக்கு விலை வித்தியாசத்தைக் கம்பெனி கிரெடிட்டாகத் தருவதுதான் விலைப் பாதுகாப்பு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், டேக்-டூ போன்ற கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், ரிட்டர்னுக்கும் விலைப் பாதுகாப்புக்கும் என்று ஒதுக்கிய தொகையை வருமானத்தில் கழித்துக் காட்டியிருப்பதைப் பார்க்கலாம். அவர்களுக்கு இது எதிர்பாராத செலவு அல்ல, தொழிலின் ஒரு பகுதி.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு கசப்பான சரித்திரமும் இருக்கிறது. 1983-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை சரிந்தபோது கடைகள் கார்ட்ரிட்ஜ்களால் (அன்று கேம்கள் அதில்தான் வந்தன) நிரம்பி வழிந்தன. திருப்பி அனுப்பலாம் என்றால், வெளியிட்ட சின்னக் கம்பெனிகள் பலவற்றிடம் திருப்பித் தரப் பணமில்லை, சில கம்பெனிகளே இல்லை. கடைக்காரர்கள் கூடையில் கொட்டி அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். அட்டாரி என்ற கேம் கம்பெனி தன் சரக்கில் ஒரு பகுதியை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகார்டோவில் குப்பைக் கிடங்கில் புதைத்தது. 2014-இல் அதைத் தோண்டியும் எடுத்தார்கள். 1985-இல் நிண்டெண்டோ தன் கன்சோலை நியூயார்க்கில் விற்க வந்தபோது வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விற்காததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்ன பிறகுதான் அலமாரியில் இடம் கிடைத்தது. சரக்கு தேங்கினால் அதன் வலியில் ஒரு பங்கைத் தயாரிப்பவரும் ஏற்க வேண்டும் என்பதைக் கடைக்காரர்கள் அன்று கற்றுக்கொண்டார்கள். பெரிய கடைகள் இன்றும் மறக்கவில்லை. சின்னக் கடைகள் கேட்பதே இல்லை என்பதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது.

சரி, பக்கத்துக் கடை சலுகை எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வாடிக்கையாளராக உள்ளே போய் அலமாரியைப் பாருங்கள். சலுகை ஸ்டிக்கர் ஒட்டிய கேம்களில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு கம்பெனிகளுடையவை என்றால், பணம் அந்தக் கம்பெனியுடையது. அதே வாரம் வேறொரு செயின் கடையிலும் அதே கம்பெனி கேம்களுக்குச் சலுகை இருந்தால் சந்தேகமே வேண்டாம். எல்லாக் கம்பெனியும் கலந்து, எல்லாமே ஒரு வருடத்துக்கு மேல் பழசு என்றால் அது சரக்கு ஒழிப்பு. போன வாரம் வந்த, எல்லோரும் கேட்கிற கேமும் கூடையில் இருந்தால்தான் அவர்கள் கைக்காசைப் போட்டுக் கூட்டம் சேர்க்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்டிக்கர் விலையையும் பாருங்கள். போன மாதம் 70-க்கு விற்றது சலுகை வாரத்தில் மறுபடி 100 ஆகியிருந்தால், இலவசத்தின் பெரும்பகுதியை வாங்குகிறவரே கொடுக்கிறார்.

சரக்கு ஒழிப்பு என்று சொன்னேனே, அதில் நட்டம் இருக்கிறதா இல்லையா என்பது கணக்குப் பிள்ளைகளே சண்டை போடும் விஷயம். என் கட்சி இதுதான். 80-க்கு வாங்கிய கேம், எட்டு மாதம் கழித்து 40-க்கு மேல் யாரும் கேட்பதில்லை என்றால், நட்டம் நடந்தது சலுகை போட்ட அன்று அல்ல. அதிகமாக ஆர்டர் போட்ட அன்றே நடந்துவிட்டது. கணக்கியல் விதியும் இதையே சொல்கிறது. சர்வதேசத் தரநிலை ஐஏஎஸ் 2-இன்படி, சரக்கை வாங்கிய விலையிலோ, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலையிலோ, எது குறைவோ அதில்தான் புத்தகத்தில் காட்ட வேண்டும். முறையாகக் கணக்கு வைக்கும் செயின் கடை அந்தக் கேமை ஏற்கெனவே 40-க்கோ அதற்கும் கீழேயோ இறக்கி எழுதியிருக்கும். பிறகு 60 என்று ஸ்டிக்கர் ஒட்டி, மூன்றை 120-க்கு விற்றால், புத்தகத்தில் நட்டம் ஏதும் தெரியாது. மேலாளருக்குப் பாராட்டுகூடக் கிடைக்கும். ஆர்டர் போட்டவர் யார் என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

வீடியோ கேமில் இந்த இறக்கம் வேகமாக நடக்கும். பெரிய கேம்கள் பலவற்றின் விற்பனை, வெளியான முதல் சில வாரங்களிலேயே குவிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அலமாரியில் நிற்கிற ஒவ்வொரு மாதமும் விலை கரையும். பழைய கேம் வாங்கல்-விற்றல் சந்தை வேறு அதை இழுத்துக்கொண்டு போகும். விதிவிலக்கு நிண்டெண்டோவின் சொந்த கேம்கள். 2017-இல் வந்த மாரியோ கார்ட் 8 டீலக்ஸ், வருடங்கள் கழிந்தும் வெளியான விலையை ஒட்டியே விற்றது. அப்படிப்பட்ட சரக்கை நீங்கள் ஒருபோதும் "ஒன்று இலவசம்" கூடையில் போடாதீர்கள். அது காத்திருந்தாலும் கெடாத பணம்.

நிஜமாகவே கைக்காசு போட்டு நட்டத்துக்கு விற்பதும் நடக்கிறது, மறுக்கவில்லை. 2009 நவம்பரில் கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 வெளியானபோது பிரிட்டனில் சூப்பர் மார்க்கெட்டுகளுக்குள் விலைப் போர் மூண்டது. செயின்ஸ்பரிஸ் அந்தக் கேமைப் பட்டியல் விலையில் பாதிக்கும் குறைவாக விற்றது. அன்றைய மார்ஜின் அளவுகளை வைத்துப் பார்த்தால் அது கொள்முதல் விலைக்கும் கீழே என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேம் வாங்க வந்தவர் ஒரு வாரத்துக்கான மளிகையையும் அள்ளிக்கொண்டு போவார் என்பது சூப்பர் மார்க்கெட்டின் கணக்கு. கேம் மட்டுமே விற்கும் கடைக்கு அந்த மறுபக்கம் கிடையாது. உங்கள் பக்கத்துச் செயின் கடையில் டிவியும் ஹெட்செட்டும் விற்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விற்கிறார்கள் என்றால் கேமில் விட்டதை வேறு அலமாரியில் பிடிக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. சில நாடுகளில் வாங்கிய விலைக்குக் கீழே மறுவிற்பனை செய்யச் சட்டமே விடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் 1963 முதல் அப்படி ஒரு தடை, சில விலக்குகளோடு, இருக்கிறது. உங்கள் ஊர் விதியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

யார் பணத்தில் போட்டாலும் பெரிய கடைகளுக்கும் ஒரு இடத்தில் அடி விழும். கேமை வாங்கிவிடலாம், விளையாட நேரம் வேண்டுமே! மூன்று கேமை ஒரே நாளில் கொண்டுபோனவர், அதை முடிக்கும்வரை கடைப் பக்கம் வரமாட்டார். இந்த வாரம் விற்ற பதினெட்டில் சில, அடுத்த மாதம் முழு விலைக்கு விற்றிருக்க வேண்டியவை. சலுகை வாரத்தின் அறிக்கையை மட்டும் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் அடுத்த மாதத்து இறக்கத்துக்கு வேறு காரணம் தேடுவார்கள்.

இனி உங்கள் கடை. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் "பழையதை வாங்கி விற்பதும் உண்டு" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகத் தெரிந்தது. அமெரிக்காவின் வீடியோ கேம் செயின் கடையான கேம்ஸ்டாப்பின் 2010-களின் தொடக்கத்து ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். மொத்த லாப விகிதம், புதிய கன்சோலில் 10 சதவீதத்துக்கும் கீழே. புதிய கேமில் 20-ஐச் சற்றுத் தாண்டி. பழைய கேமில் 45-க்கும் 50-க்கும் நடுவில். கடையில் பாதி இடத்தைப் புதியதுக்குக் கொடுத்துவிட்டு, சாப்பாடு போடுவது பழையதுதான் என்ற நிலை.

30-க்கு எடுத்து 60-க்கு விற்கிற பழைய கேமில் அதே சலுகையைப் போட்டுப் பாருங்கள். மூன்றுக்கு அடக்கம் 90, வரவு 120, நிற்பது 30. ஒன்றை மட்டும் விற்றாலும் 30-தான் நின்றிருக்கும். அதாவது மற்ற இரண்டு காப்பிகள் நட்டமில்லாமல் அலமாரியை விட்டுப் போயிருக்கின்றன. அதே பத்துப் பேர் கணக்கில் 300 வருகிறது. சலுகை இல்லாமல் ஐந்து பேர் வந்தால் 150. புதியதில் கூட்டம் இரண்டு மடங்காகியும் லாபம் குறைந்தது. இங்கே கூட்டத்தோடு லாபமும் இரண்டு மடங்காகிறது. கம்பெனி தயவு தேவையில்லை. பழைய கேமைப் பணத்துக்குப் பதிலாகக் கடை வரவுக்கு (உங்கள் கடையில் வாங்கும்போது கழித்துக்கொள்ளும் தொகைக்கு) எடுத்திருந்தால் அடக்கம் இன்னும் குறையும். 30 வரவைக் கொண்டு அவர் உங்களிடம் புதிய கேம் வாங்கினால், 100-க்கு 80 என்ற அடக்கத்தில் உங்களுக்கு அதன் அசல் 24-தானே. (அந்தப் புதிய கேமை அவர் எப்படியும் ரொக்கத்துக்கு வாங்கியிருப்பார் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. உங்கள் ஆட்களை உங்களுக்குத்தான் தெரியும்.)

எனவே "நீங்களும் போடுங்களேன்" என்று கேட்கிறவர்களுக்குப் பழைய கேமில் போடுங்கள். இருக்கிற எல்லாவற்றிலும் வேண்டாம். நான்கு மாதத்துக்கு மேல் நகராதவை ஒரு தட்டு, அடிக்கடி கேட்கப்படுபவை ஒரு தட்டு என்று பிரித்து, இலவசம் முதல் தட்டிலிருந்து மட்டும் என்று வைத்தால், டெட் ஸ்டாக் தானாகக் கரையும்.

புதிய கேமுக்கு உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரைக் கூப்பிடுங்கள். "செயின் கடையில் இந்தக் கம்பெனி கேமுக்கு ஸ்கீம் ஓடுகிறது, எனக்கு என்ன?" என்று நேராகக் கேளுங்கள். கம்பெனி தந்த கிரெடிட் டிஸ்ட்ரிபியூட்டரோடு நின்றுபோவது அபூர்வமான விஷயம் அல்ல. தருகிறேன் என்றால் எந்தெந்த கேம், காப்பிக்கு எவ்வளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, சரக்கு வாங்கியதற்கா, விற்றதற்கா என்று எழுத்தில் வாங்கிய பிறகு பலகை எழுதுங்கள். 100-க்கு 20 மார்ஜின் உள்ள சரக்கில், மூன்றுக்கும் காப்பிக்கு 20 வீதம் வந்தால்தான், ஒன்றைச் சாதாரணமாக விற்ற லாபமாவது உங்களுக்கு நிற்கும். 13-க்கும் 14-க்கும் நடுவில் வந்தால் நட்டமில்லை, அவ்வளவே. அதற்குக் கீழே என்றால் நன்றி சொல்லிவிட்டு போனை வைத்துவிடுங்கள். கிரெடிட் தராவிட்டால், மெதுவாகப் போகும் காப்பிகளை ஓடும் கேம்களுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பணம் தர மறுக்கிறவர்கள் பல நேரம் இதற்கு ஒப்புக்கொள்வார்கள்.

பக்கத்துக் கடையில் சலுகை ஓடுகிற நாட்களில் உங்கள் பழைய கேம் கொள்முதல் விலையைத் தினமும் பாருங்கள். இது அவசரம், இன்றே செய்ய வேண்டியது. மூன்றாவதாகச் சும்மா வந்த கேமை, கவர்கூடப் பிரிக்காமல், உங்களிடம் விற்க ஆட்கள் வருவார்கள். சலுகை முடிந்தாலும் விலை விழப்போகிற கேம் என்றால் எடுக்கும் விலையை உடனே இறக்குங்கள். விலை நிற்கிற கேம் என்றால் மாறாக யோசியுங்கள். பிரிக்காத காப்பி 50-க்கு வீடு தேடி வருகிறது, டிஸ்ட்ரிபியூட்டர் 80 சொல்கிறார். ஏன், பக்கத்துக் கடையிலேயே மூன்று 200 என்றால் ஒன்று 67-க்கும் கீழேதான். ஆளுக்கு இத்தனைதான் என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, முறையான பில்லோடு, அந்தக் கடையே உங்களுக்கு மொத்த வியாபாரி ஆகலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

டிஜிட்டல் ஸ்டோரில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று சிலர் மடக்குவார்கள். அங்கே கடைக்காரர் எதையும் முன்கூட்டி வாங்கி வைப்பதில்லை. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற டிஜிட்டல் ஸ்டோர் வழக்கமாக விற்ற தொகையில் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது (பெரிதாக விற்கும் கேம்களுக்கு 2018 முதல் 25, 20 என்று குறையும்). விலை பாதியானால் அவர்கள் பங்கும் பாதியாகும், நட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் போட்டியில் நீங்கள் இறங்க முடியாது, இறங்கவும் வேண்டாம். அங்கே வாங்கியதைத் திரும்ப விற்க முடியாது என்பது ஒன்றுதான் உங்கள் பிடி.

கடைசியாக பில் போடும் முறை. இரண்டு 60, ஒன்று 0 என்று போடாதீர்கள். மூன்றுக்கும் தலா 40 என்று தள்ளுபடியைப் பிரித்துப் போடுங்கள். முதல் முறையில் போட்டால், காசு கொடுத்த ஒன்றைத் திருப்பித் தந்து 60 வாங்கிக்கொண்டு, இலவசத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறவர் வருவார். நிச்சயமாக வருவார். ஒன்றைத் திருப்பினால் சலுகை ரத்து என்றும் பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கையில் தேங்கியிருக்கும் கேம்களின் பட்டியலை, வாங்கிய தேதியோடு, சேர்த்து அனுப்பினால் எதை எந்தத் தட்டில் வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.